வீட்டில் ஒரு வால்வுப் பெருக்கி

ஒலிபெருக்கி என்று நாம் வழக்கமாகச் சொல்லுகையில் இரு வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். கம்பத்திலோ கூரையிலோ தொங்கிக் கத்துவது ஒன்று. அது கத்துவதற்கு வேண்டிய வலிமையை மின்சாரமாக ஊட்டும் பெட்டி மற்றொன்று. முன்னதை ஒலிபெருக்கி என்றே வைத்துக்கொள்வோம். பின்னதை மைக் செட்காரர்கள் ஆம்ப்ளிபையர் என்பர். நான் சுருக்கமாகப் பெருக்கி என்கிறேன். அந்தப் பெருக்கியை, அதுவும் கண்ணாடிக் குமிழுக்குள் செந்நிறமாகக் கனலும் பழைய வால்வுகளைக் கொண்டு, வீட்டிலேயே செய்து பார்க்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

நான் வசிப்பது மாதவரத்தில், பால்பண்ணைக்கு அருகில். ஒலியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களாயின், தகுதியைக் காட்டிலும் குறையே மிகுதி என்பேன். எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில், அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை, பழுக்கக் காய்ச்சிய இரும்பை எந்திரச் சம்மட்டிகள் அடித்து உருவாக்கும் கூடத்தில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்பவன் கேட்கும் ஓசை 90 டெசிபலைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதி. அந்த விதி எங்கள் கூடத்துச் சம்மட்டிக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பின் காதைச் சோதித்த மருத்துவர், ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். வினாடிக்கு 4000 அதிர்வு என்ற இடத்தில் அந்தக் கோடு கிணறு போல இறங்கியிருந்தது. இரைச்சலால் கெட்ட காதுக்கு அதுவே அடையாளமாம். 6000 அதிர்வுகளுக்கு மேல் எனக்கு உலகம் ஏறக்குறைய மௌனந்தான். இத்தகையவன் இசைக்கருவி செய்யப் புகுவது முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று வீட்டில் சொன்னார்கள். என்றாலும் இந்தக் குறைதான் எனக்கு இந்த வேலையில் பல செய்திகளைக் கற்பித்தது. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

வீட்டிலே மின்கம்பியும் வால்வும் வைத்துக்கொண்டு சோதனை செய்வது நம் சென்னைக்குப் புதியதன்று. இந்நகரின் ஒலிபரப்பே அப்படிப் பிறந்ததுதான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரைப் போன்ற ஆர்வலரும் சேர்ந்து 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்தார்கள். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. கருவியின் ஆற்றல் வெறும் 40 வாட். ஒரு சிறு மின்விளக்கின் அளவு. பணமுடையால் 1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியபோது கருவி மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாலை வேளைகளில் ஒலிபரப்பியது. வானொலிப் பெட்டி வாங்க வகையற்றோரும் கேட்க வேண்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தினார்கள். அப்பூங்காக்களுள் ஒன்று வடசென்னையின் ராபின்சன் பூங்கா. இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்று வழங்குவது. 1938 ஜூன் 16ஆம் நாள் சென்னை வானொலி நிலையம் தோன்றும் வரை இந்த ஏற்பாடு நடந்துவந்தது. டிரான்சிஸ்டர் பிறந்தது 1947ஆம் ஆண்டு டிசம்பரில். ஆகவே, ராயபுரத்துப் படகுக்காரரும் வண்ணாரப்பேட்டை நெசவாளரும் அந்தப் பூங்காவின் புல்தரையில் உட்கார்ந்து கேட்ட இசை முழுவதும் வால்வின் வழியே வந்த இசைதான். வேறு வழி அப்போது உலகில் இல்லை.

வால்வு என்பது என்ன? வால்வு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடைப்பான், மதகு என்று பொருள். இந்தக் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். ஏரி நிறையத் தண்ணீர் நிற்கிறது. மதகின் பலகையை ஒருவன் ஒரு கையால் ஓர் அங்குலம் உயர்த்துகிறான். வாய்க்காலில் வெள்ளம் பாய்கிறது. அரை அங்குலம் தாழ்த்துகிறான், வெள்ளம் தணிகிறது. வெள்ளத்தின் வலிமை அவனுடைய கையின் வலிமையன்று, ஏரியின் வலிமை. ஆனால் வெள்ளம் அவன் கையின் அசைவை அப்படியே பின்பற்றுகிறது. வால்வினுள்ளும் இதுவே நடக்கிறது. காற்று முற்றும் நீக்கிய கண்ணாடிக் குழலின் நடுவே ஒரு சிறு தண்டு சூடாக்கப்படுகிறது. சூடேறிய தண்டு மின்னணுக்களை உமிழ்கிறது. அவற்றை வெளிப்புறத் தகடு இழுக்கிறது. இடையில் வேலி போல ஒரு மெல்லிய கம்பிச் சுருள் நிற்கிறது. அந்த வேலிதான் மதகுப் பலகை. மைக்கிலிருந்தோ இசைத்தட்டின் முள்ளிலிருந்தோ வரும் மிக நலிந்த மின்னலை வேலியை அசைக்க, தகட்டுக்குப் பாயும் பெருமின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. வேலி இல்லாத இருமுனைக் குழலை பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் 1904இல் செய்தார். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் வேலியைச் சேர்த்தார். அந்த ஒரு சுருள் கம்பி இல்லாவிடில் இருபதாம் நூற்றாண்டின் வானொலியும் இல்லை, பேசும் படமும் இல்லை, பொதுக்கூட்டமும் இல்லை.

இனி நான் செய்த பெருக்கிக்கு வருகிறேன். 1950களில் இங்கிலாந்தின் மல்லார்டு நிறுவனம், வீட்டில் செய்து பார்ப்போருக்கென்றே சில மின்சுற்றுகளை வெளியிட்டது. அவற்றுள் சிறியது மூன்று வால்வுகளால் மூன்று வாட் ஆற்றல் தருவது. முன்னே இ.எப். 86, பின்னே இ.எல். 84, மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த இ.இசட். 80. பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளை இந்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. ஆகவே பழைய வானொலிப் பெட்டிகளின் வயிற்றிலிருந்து இவ்வகை வால்வுகள் இன்றும் எப்போதாவது வெளிப்படுவதுண்டு. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும் வரை அங்கே தேடுவார்கள். பின்பு ரிச்சித் தெருவில் தேடினார்கள். புதிய வால்வுகளும் உண்டு. ரஷ்யாவின் சராத்தோவ் நகரிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலும் இன்றைக்கும் செய்கிறார்கள்.

மூன்று வாட்டா என்று இளைஞர்கள் நகைப்பார்கள். ஆயிரம் வாட் என்று அட்டையில் அச்சிட்ட பெட்டிகளைக் கடைத்தெருவில் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். காதுக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஆற்றலை ஏறக்குறைய பத்து மடங்காக்க வேண்டும். மூன்று வாட்டுக்கும் முப்பது வாட்டுக்கும் இடையே காது காணும் வேறுபாடு அவ்வளவே. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஒலிபெருக்கி இருப்பின், மூன்று வாட் அதை 95 டெசிபலுக்கு உயர்த்திவிடும். எங்கள் கூடத்துச் சம்மட்டியையே அது எட்டிப் பிடிக்கும். 200 அடிச் சாலையில் இரவெல்லாம் துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளின் உறுமலையும் மீறி ஒரு வீணையைக் கேட்க அது தாராளமாகப் போதும்.

ஒலிபெருக்கியை எதில் பொருத்துவது என்பது தனிக் கதை. நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் ஒரு காலத்தில் மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மரப்பலகை நடுங்கும், பானை நடுங்காது. வளைந்த சுவராதலால் அது மரப்பெட்டியை விட உறுதியானது. விலையோ அற்பம். பானைக்குள் அடைபட்ட காற்று வில் போலச் சுருங்கி விரிந்து தாழ்ந்த ஒலிக்குத் துணை செய்கிறது. குறை ஒன்றுண்டு: பானை தனக்குப் பிடித்த ஒரே சுருதியில் எல்லாவற்றையும் முழங்கும். மிருதங்கத்தின் தொப்பி எந்தச் சொல்லைச் சொன்னாலும் பானை ‘தொம்’ என்றே மறுமொழி கூறும். பழைய தலையணைப் பஞ்சைத் தளர்வாக உள்ளே திணித்தால் அந்தப் பிடிவாதம் பெருமளவு அடங்கும். என் பெருக்கி இன்றும் பானையின் வழியாகத்தான் பேசுகிறது.

இங்கே அபாயத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். டிரான்சிஸ்டர் வைத்து விளையாடியவன் அதே கையோடு வால்வுக்கு வரலாகாது. வால்வின் தகட்டுக்கு 250 முதல் 300 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். அது கொல்லும். சுவிட்சை அணைத்த பின்னும் கொல்லும். ஏனெனில் மின்சாரத்தின் அலையைச் சமன்செய்ய வைத்திருக்கும் பெரிய கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கும். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 லட்சம் ஓம் தடை ஒன்றை நிலையாகப் பற்றவைத்துவிட்டால், 100 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒரு நிமிடத்துக்குள் வற்றிவிடும். அப்போதும் மீட்டரை வைத்துப் பார்த்த பின்பே கையை வைக்க வேண்டும். வீட்டு மின்பலகையில் உயிர்காக்கும் சுவிட்சு இருக்கிறதே என்று சிலர் சொல்வர். மின்மாற்றியின் மறுபுறத்தில் நிகழ்வது அந்தச் சுவிட்சுக்குத் தெரியாது, அது விழாது. பெருக்கியின் இரும்புத் தட்டை மூன்றாம் முள்ளின் வழியே மண்ணோடு இணைத்தே தீர வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் அந்த மூன்றாம் துளை சுவருக்குள் எதனோடும் சேர்வதில்லை. முதலில் அதைச் சரிபார்த்து, கரியும் உப்பும் இட்ட குழி தோண்டிய பிறகு பெருக்கியைத் தொடங்கலாம். மேல்நாட்டுப் புத்தகங்களில், சோதிக்கும்போது ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்க என்று அறிவுரை இருக்கும். இரு கைகளுக்கும் இடையே நெஞ்சின் வழியாக மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக. வீட்டில் வேட்டியும் பனியனுமாக இருக்கும் நமக்குப் பை ஏது? இடக்கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்வதே நம் வழக்கத்துக்கு ஏற்றது.

மின்வாரியத்தின் வோல்ட்டேஜும் இந்த வேலையில் ஒரு பங்காளி. வால்வின் சூடேற்றிக்கு 6.3 வோல்ட் வேண்டும். கோடை மாலையில் வீதி முழுவதும் குளிர்சாதனங்கள் ஓட, 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 நிற்குமாயின், சூடேற்றிக்குக் கிடைப்பது 5 வோல்ட்டுக்கும் குறைவே. தண்டு போதிய அளவு சூடாகாது, ஒலி நலியும், வால்வின் ஆயுளும் குறையும்.

பெருக்கியை முதன்முதலாக முடுக்கியபோது இசைக்கு முன்னே ஓர் இரைச்சல் எழுந்தது. வண்டு முரல்வது போன்ற ரீங்காரம். வால்வுப் பெருக்கி செய்வோர் அனைவரும் முதலில் சந்திக்கும் விருந்தாளி அது. நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முழு அலையாக ஏறி இறங்குவது. சூடேற்றிக் கம்பிகளிலிருந்து கசியும் ரீங்காரம் 50 அதிர்வு. ஒருதிசைப்படுத்திய மின்சாரம் சமனாகாமல் எழும் ரீங்காரம் 100 அதிர்வு. இரண்டையும் பிரித்தறிந்தால் நோயின் இடம் தெரிந்துவிடும். எனக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்கும். ஆனால் பிரித்தறியும் நுட்பம் என் பேத்திக்கே உண்டு. அவள் பள்ளியில் படிக்கிறாள். 5 கட்டை சுருதியில் வாய்ப்பாட்டுப் பயில்கிறாள். ரீங்காரத்தைக் கேட்ட மாத்திரத்தில், ‘தாத்தா, இது என் ஆதார ஷட்ஜம்தான், ஆனால் ஏறியிருக்கிறது’ என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கட்டையின் ஷட்ஜம் 392 அதிர்வு. இரண்டு ஸ்தாயி கீழே இறங்கினால் 98. மின்சாரத்தின் இரைச்சல் 100. ஆக, தமிழ்நாட்டு மின்சாரம் 5 கட்டைக்குச் சற்று ஏறியும் 5½ கட்டைக்கு எட்டாமலும் இடையில் நின்று, அவளுடைய தம்பூராவோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. 100 என்று தெரிந்ததும் தேட வேண்டிய இடம் மின்வழங்கும் பகுதி என்று தெரிந்துவிட்டது. மண்ணிணைப்புக் கம்பிகள் யாவற்றையும் ஒரே புள்ளியில் கூட்டினேன். ஒலிபெருக்கியின் முனையில் 30 மில்லிவோல்ட் இருந்த இரைச்சல் 2 மில்லிவோல்ட்டாக இறங்கிற்று. பானைக்குள் தலையை விட்டால்தான் கேட்கும்.

அதன் பின் நிகழ்ந்ததுதான் நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது. இசைத்தட்டை வைத்தேன். எனக்கு எல்லாம் நன்றாகவே ஒலித்தது. பேத்தி காதைப் பொத்திக்கொண்டாள். ‘ஊசி குத்துவது போல் கீச்சென்று ஏதோ கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா?’ என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அலைகாட்டி என்னும் கருவியைக் கொணர்ந்து வைத்தேன். இசையை நிறுத்திய பின்பும் திரையில் ஓர் அலை ஓய்வின்றி ஆடிக்கொண்டிருந்தது. வினாடிக்கு ஏறக்குறைய 14,000 அதிர்வு. என் காதுக்கு எட்டாத உயரத்தில் பெருக்கி தானே பாடிக்கொண்டிருந்தது. நான் தனியாளாக இருந்திருப்பின், அந்தக் கொடுமையை உயர்ந்த இசை என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் கேட்டிருப்பேன்.

காரணம் வால்வில் இல்லை. மக்கள் வால்வின் செந்நிற ஒளியைக் கண்டு மயங்குகிறார்கள். அதன் பெயரையும் பிறந்த ஊரையும் சாதகம் போல ஆராய்கிறார்கள். ஆனால் வால்வுப் பெருக்கியின் குணத்தை முடிவு செய்வது மூலையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் இரும்புக் கட்டி, அதாவது வெளியீட்டு மின்மாற்றி. வால்வு மிகுந்த வோல்ட்டில் சிறிதளவே மின்னோட்டம் தருவது, இ.எல். 84 வால்வு தன் தகட்டுக்கு முன்னே 5200 ஓம் தடையை எதிர்பார்க்கிறது. ஒலிபெருக்கியோ 8 ஓம். இந்த இருவரையும் ஒருவரோடொருவர் பேச வைக்கும் துபாஷிதான் மின்மாற்றி. 5200க்கும் 8க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலம் இருபத்தைந்தரை. அத்தனை மடங்கு சுற்றுகள் ஒருபுறம் மிகுதியாக இருக்க வேண்டும். கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் வரும். ஆனால் கம்பியை எப்படிச் சுற்றுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. நான் கடையில் வாங்கிய மின்மாற்றியில் 3000 சுற்றுகளை ஒரே மூச்சில் சுற்றி, அதன் மேல் மறுபக்கச் சுற்றைப் போர்த்தியிருந்தார்கள். இரு சுருள்களும் ஒன்றையொன்று சரியாகத் தழுவாமையால் உயர்ந்த அதிர்வுகளில் ஒலி பின்தங்கி வந்தது. ஒலியைத் திருத்துவதற்காக வெளியீட்டில் ஒரு பகுதியை முன்னுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஒன்று இச்சுற்றில் உண்டு. 1927இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் கண்ட முறை. அது காலத்தில் வந்தால் திருத்தும். காலந்தாழ்ந்து வந்தால் அதுவே தூண்டிவிடும். ஊஞ்சலை நிறுத்தப் போனவன் நேரந்தவறித் தள்ளிவிடுவது போல.

மூலக்கடைப் பக்கம் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. 1960களின் பிற்பகுதியில் சிறுவனாக இத்தொழிலுக்கு வந்து, கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போகும் மைக் செட்டுகளுக்கு மின்மாற்றி சுற்றியவர். அந்தக் கறுப்புக் கட்டியை அவர் முன்னே வைத்தேன். கையில் தூக்கிப் பார்த்தார். ‘இது ரேடியோவுக்கு மாட்டுவது தம்பி, பேச்சுக்குப் போதும், பாட்டுக்கு ஆகாது’ என்றார். கருவி எதையும் அவர் தொடவில்லை.

பழுதான ஸ்டெபிலைசர் ஒன்றின் இரும்புத் தகடுகளை, தொழிலில் ஸ்டாம்பிங் என்பார்கள், பிரித்து எடுத்தோம். அவர் பாபினில் முதலில் 36ஆம் கேஜ் கம்பியை 750 சுற்று சுற்றினார். தாள் வைத்தார். அதன் மேல் பருத்த கம்பியில் 39 சுற்று. மறுபடி தாள், மறுபடி 750. பின்பு 40, பின்பு 750, பின்பு 39, கடைசியாக 750. இடியாப்பத்துக்கு இடையிடையே தேங்காய்த் துருவல் இடுவது போல இரு சுருள்களையும் அடுக்கடுக்காகப் பின்னிவிட்டார். ஆங்கில எழுத்து ஈ வடிவத்துத் தகடுகள் அனைத்தையும் ஒரே பக்கமாக அடுக்கி, எதிரே ஐ வடிவத் தகடுகளை வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகினார். ஒற்றை வால்வின் நேர்மின்னோட்டம் இரும்பைத் திணற அடிக்கும். அந்தக் காகிதத்தின் கனமுள்ள இடைவெளிதான் இரும்புக்கு மூச்சு. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சுற்றின் எண்ணிக்கையை எங்கே குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘எழுதினது எங்கே? கைக்குத் தெரியும்’ என்று விரலைக் காட்டினார்.

புதிய மின்மாற்றியைப் பொருத்தியதும் அலைகாட்டியில் அந்த ஆட்டம் அற்றுப்போயிற்று. அலைகாட்டி சொன்னதை நான் நம்பவில்லை. பேத்தி இரண்டு தட்டுகளைக் கேட்டுத் தலையாட்டிய பிறகே நம்பினேன்.

வால்வின் ஒலி இனிமையானது, வெதுவெதுப்பானது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதில் எனக்கு அவ்வளவு பற்றில்லை. ஒற்றை வால்வு தன் பங்குக்கு மேல் ஸ்தாயியின் சாயலைச் சற்றே சேர்த்துவிடும் என்பது மெய். மிகுதியாக முடுக்கினால் டிரான்சிஸ்டரைப் போலச் சடாரென்று முகத்தில் அறையாமல், மெல்லத் தடுமாறும் என்பதும் மெய். அளவோடு கேட்கும்போது வேறுபாடு எவ்வளவு? சோதித்துப் பார்த்தோம். என் பெருக்கியையும், ரிச்சித் தெருவில் வாங்கிய உள்ளங்கையளவு சில்லுப் பெருக்கியையும் ஒரு துணிக்குப் பின்னே வைத்து, மீட்டரால் ஓசையைச் சமன்செய்து, 20 முறை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன். எது வால்வு என்று பேத்தி 11 முறை சரியாகச் சொன்னாள். மருமகள் 9 முறை. காசைச் சுண்டிப் போட்டாலும் இதே விடைதான் வரும். சில்லுப் பெருக்கியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு; என் பெருக்கிக்கு ஓர் ஆண்டு.

பின் எதற்காக இது என்று மருமகள் கேட்டாள். சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது; கெட்டால் எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதில் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்ட முடிகிறது. பேத்தி இப்போது மீட்டரை வைத்து, வேலியில் 7 வோல்ட்டுக்குச் சற்று மேல், தகட்டில் 250 என்று தானே அளந்து எழுதுகிறாள். மதகுப் பலகை எங்கே, ஏரி எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுகிறாள். அணைத்த பின் மீட்டரைப் பார்க்காமல் கை வைப்பதில்லை. இடக்கை முதுகுக்குப் பின்னே போய்விடுகிறது.

சில மாலைகளில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைப்பேன். மின்முறையில் இசைத்தட்டுப் பதிவு செய்வது 1925இல் வந்த முறை. அந்த நாகசுரம் பதிவாகும்போதே வால்வின் வழியாகச் சென்றிருக்கும். என் வீட்டில் அது மறுமுறை வால்வின் வழியாக வெளிவருகிறது. அவர் 1956இல் மறைந்தார். நேரில் கேட்கும் பேறு எனக்கில்லை. ஆனால் தொழிற்சாலைக்குப் போகுமுன், காது நன்றாக இருந்த இளவயதில், வானொலியில் கேட்டிருக்கிறேன். நாகசுரத்தின் சீவாளியில் எழும் அந்தக் கூர்மை இன்று என் காதுக்கு வருவதில்லை. எனினும் கேட்பதாகவே இருக்கிறது. பாதி தட்டிலிருந்தும் பாதி நினைவிலிருந்தும் கேட்கிறேன் போலும்.

மூலக்கடைப் பெரியவர் கடையைக் காலி செய்யப் போகிறார். மோட்டார் எரிந்தால் காயில் கட்டுவதைவிடப் புதிது வாங்குவது மலிவாகிவிட்டது, வாடகை ஏறிவிட்டது, மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கண்ணும் மங்கிவருகிறது. அவர் விரலுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் ஏற்றும் வேலையைப் பேத்தியும் நானும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இ.எல். 84 வால்வு ஒன்றுக்கு ஏற்ற முறை எழுதியாயிற்று. இரண்டு வால்வுகள் மாறி மாறி இழுக்கும் பெருக்கிக்கு முறை வேறு. அதில் தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்க வேண்டும், காகிதம் கூடாது. மைக் செட்டுக்கு நெடுங்கம்பிகளில் ஓசையை அனுப்பும் மின்மாற்றி இன்னும் வேறு. அவர் சுற்றிக்கொண்டே சொல்ல, பேத்தி எண்ணி எழுதுவாள். பேசாமல் சுற்றினால்தான் அவருக்குக் கணக்குத் தப்புவதில்லை, பேசினால் நின்றுவிடுகிறார். ஆகவே சுற்றி முடித்த பின், கம்பியைத் திரும்பப் பிரித்துக்கொண்டே எண்ணுகிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையால் சுழற்றும் சுற்றுப்பொறியையும் கொண்டுவருகிறாராம். கனத்த வார்ப்பிரும்பு அது; ஆட்டோவில்தான் வர வேண்டும். மேசையை அதற்காக ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருக்கிறோம். காலை வெளிச்சத்தில்தான் அவருக்கு 36ஆம் கேஜ் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது.